மெனு வரைவதற்கு முன்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவை விசாரித்ததாகச் சொல். உங்கள் அலுவலக இணையதளத்துக்கு நீ அனுப்பிய மெனு வரைவைப் பார்த்ததும் உடனே எழுதத் தோன்றியது.

நிர்வாகம், கணக்கு, திட்டப் பிரிவு, மக்கள் தொடர்பு... ஏழு தலைப்பும் உங்கள் அலுவலகப் பிரிவுகள்! தளத்துக்கு வருகிறவருக்கு எந்தப் பிரிவு எதைப் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? அவருக்கு ரசீது வேண்டும், முகவரி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், தளத்தின் தேடல் பெட்டியில் கடந்த மூன்று மாதமாக என்னென்ன தட்டியிருக்கிறார்கள் என்று எடு. தொலைபேசியில் பதில் சொல்பவர்களிடம் அன்றாடம் வரும் கேள்விகளைக் கேள். இரண்டையும் சேர்த்து 40, 50 காரியங்களைத் தேர்ந்தெடுத்து, காரியத்துக்கு ஓர் அட்டை எழுது. அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத 15 பேர் போதும். இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2004-இல் சொன்ன கணக்கு அது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஒன்றோடொன்று சேரும் அட்டைகளை ஓர் அடுக்காக வைக்கச் சொல், அடுக்குக்குப் பெயரும் அவர்களே வைக்கட்டும். பலர் கோட்டை விடுவது அட்டை எழுதும்போதுதான். பத்து அட்டையில் 'விண்ணப்பம்' என்று இருந்தால், பொருளை யோசிக்காமல் சொல்லைப் பார்த்தே ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். 'மற்றவை' என்ற அடுக்கு பெருத்தால் அதிலுள்ள அட்டைகளின் வாசகத்தை முதலில் சந்தேகப்படு.

அதில் வந்த தலைப்புகளை வண்ணமோ படமோ இல்லாமல், வெறும் பட்டியலாக வேறு சிலரிடம் காட்டிச் சோதி. கேள்வியில் தலைப்பின் சொல் வரவே கூடாது. 'முகவரி மாற்றம்' எங்கே என்று கேட்டால் விடையை நீயே சொன்ன மாதிரி. 'வீடு மாறிவிட்டீர்கள், கடிதங்கள் புது வீட்டுக்கு வர வேண்டும்' என்று கேள். முதலில் எந்தத் தலைப்பைத் தொடுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள். அது தவறினால் பெரும்பாலும் முழு வழியும் தவறும்.

எதையும் மூன்று கிளிக்குக்குள் அடைய வேண்டும் என்கிற அந்த 'மூன்றே கிளிக்' விதியை வாசு இன்னும் விடவில்லையா? மூன்றுக்குள் அடக்க முதல் பக்கத்தில் 60 இணைப்பைக் கொட்டினால் எதுவும் கண்ணில் படாது. போகும் வழி சரி என்று ஒவ்வொரு படியிலும் தெரிந்தால், நாலாவது கிளிக்குக்கு யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

பலர் முகப்பைப் பார்க்காமலே, தேடுபொறியிலிருந்து நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அதனால் இது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று ஒவ்வொரு பக்கமும் மேலேயே காட்ட வேண்டும். பழைய பக்கங்களை இடம் மாற்றும்போது ஒவ்வொரு பழைய முகவரிக்கும் 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட மறக்காதே. இல்லாவிட்டால் பிறர் சேமித்து வைத்த இணைப்புகள் செத்துப்போகும்.

அட்டைகளை அச்சடிக்கும் முன் வாசகங்களை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி