தமிழ்ப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் கொடுங்கள்

ஓடிடி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் வேண்டும் என்று பலமுறை எழுதிக் கேட்டாகிவிட்டது. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பதைத் தாண்டி உங்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை.

என் அப்பா மதுரையில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மெஷின் இரைச்சலில் காது போய்விட்டது. கண் நன்றாகத் தெரியும். தினமும் பேப்பரை வரி விடாமல் படிப்பார். தங்கம் தியேட்டரில் வசனத்துக்காகவே படம் பார்த்த தலைமுறை.

போன வாரம் உங்கள் தளத்தில் ஒரு படம் பார்த்தோம். அடுப்படியில் ஒரு பெண் வெங்காயம் நறுக்குகிறாள். தெருமுனையில் சாவுக்கொட்டு கேட்கிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது. கொட்டு நெருங்க நெருங்க, கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை வசனம் இல்லை. தம்பியின் உடல் வீடு வந்துவிட்டதை அந்தச் சத்தம்தான் சொல்கிறது. அப்பா என்னிடம் திரும்பி, "அந்தப் பிள்ள ஏன் கத்தியக் கீழ வச்சிருச்சு?" என்றார். நான் காதருகே கத்திச் சொல்லி முடிப்பதற்குள் காட்சி சுடுகாட்டுக்குப் போய்விட்டது. அங்கே பேசியபோது கீழே ஓடியது இங்கிலீஷ். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

'சாவுக்கொட்டு நெருங்கி வருகிறது' என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால் போதும். முகம் ஒரு பாதி, சத்தம் ஒரு பாதி என்று இயக்குநர் பிரித்து வைத்த காட்சியில் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு பாதிதான். சந்தா மட்டும் முழுசாக வாங்குகிறீர்கள்.

காது கேட்கிறவர்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. தியேட்டருக்காக, பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் 5.1 ஒலியில் கலந்த படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். வீட்டு டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அதே வசனம் பின்னணி இசைக்கு அடியில் போய்விடுகிறது. பேசும்போது சத்தத்தைக் கூட்டி, சண்டை வந்ததும் பதறிக் குறைத்து, ரிமோட்டும் கையுமாகத்தான் படம் பார்க்கிறோம். இத்தனை பணம் போட்டுப் படம் வாங்குகிறவர்கள், அதைப் பார்க்கிற வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கக் கூடாதா?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மின்னணு ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. தணிக்கைக்குப் போகும்போதே தயாரிப்பாளர்கள் முழு வசனத்தையும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதோடு யார் பேசுகிறார், என்ன சத்தம் கேட்கிறது என்பதையும் சேர்த்துத் தமிழில் போடுங்கள். இனி வரும் படங்களிலிருந்து தொடங்கினாலும் சரி, பழைய படங்கள் பிறகு வரட்டும். எப்போது முதல் என்று மட்டும் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு சந்தாதாரர்