முதல் 50 மீற்றர்

ஹட்டன்
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. உட்கார்ந்து பதில் எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. ஒரு கிழமையாக இங்கே மழை விடவில்லை. உடுப்பு காயவில்லை, என் சைக்கிள் சப்பாத்தும் காயவில்லை. அடுப்புக்குக் கிட்ட வைத்தால் அடிப்பசை விட்டுவிடும் என்று பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காலையும் மாலையும் தாளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். "பச்சப்புள்ளைக்குத் துணி மாத்துற மாதிரி மாத்துறியே" என்று அம்மா சிரிக்கிறார். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

ஆக, முதல் ட்ரையத்லன் போட்டியை முடித்துவிட்டாய்! 750 மீற்றர் நீந்தி, 20 கிலோமீற்றர் மிதித்து, 5 கிலோமீற்றர் ஓடியும் இருக்கிறாய். விளையாட்டுப் பாடம் வந்தாலே வயிற்றுவலி என்று சொன்னவன் நீ, அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் கடிதத்தில் பாதி, தண்ணீரிலிருந்து வந்து சைக்கிளில் ஏறுவதற்குள் நாலு நிமிசம் போய்விட்டது என்ற புலம்பல்தான். விலை கூடிய சப்பாத்து வாங்கட்டுமா என்று கடைசியில் ஒரு கேள்வி வேறு.

இப்போதைக்கு வாங்காதே. அந்த நாலு நிமிசத்தில் என்னென்ன செய்தாய் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார். நான் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கால் துடைத்திருக்கிறேன், சொக்ஸைத் தேடியிருக்கிறேன், ஈரக்காலில் அது ஏறாமல் குந்தியிருக்கிறேன், ஹெல்மெட்டை முன்பின்னாகப் போட்டுக் கழற்றியிருக்கிறேன், பக்கத்தில் நின்றவரிடம் "தண்ணி குளிர் என்ன?" என்று கதையும் கொடுத்திருக்கிறேன். தலவாக்கலை ரோட்டில் டெவன் அருவி, சென் கிளயர் அருவி எல்லாம் தாண்டி மாசக்கணக்காக மிதித்துக் குறைத்த நேரத்தை அங்கே குந்தியே தொலைத்திருக்கிறேன்.

அம்மா கொழுந்தெடுக்கப் போன காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரவே வாசல் இஸ்தோப்பில் எல்லாவற்றையும் அடுக்கிவிடுவார். அடியில் கூடை, அதற்குள் கயிறு, கயிற்றின் மேல் தலைத்துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே இடுப்பில் கட்டும் படங்கு. முதலில் எடுப்பது மேலே இருக்கும். விடியற்காலை இருட்டில் விளக்கே வேண்டாம், கை தானாகப் போகும். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் போய்விடுமே. இப்போது என் சைக்கிளுக்குப் பக்கத்தில் விரிக்கிற துவாயிலும் அதே அடுக்குத்தான். ஹெல்மெட் மல்லாந்து கைபிடியில் இருக்கும், வார் இரண்டும் வெளியே தொங்கும், கண்ணாடி அதற்குள் கிடக்கும். ஓட்டச் சப்பாத்து நாக்கை வெளியே இழுத்தபடி துவாயில் நிற்கும். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு பழகினேன். நீயும் அப்படியே பழகு. குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்தால் விரல் மரத்துப் போயிருக்கும். அப்போது ஹெல்மெட் கொளுக்கியைப் பூட்டுவது ஊசியில் நூல் கோப்பது மாதிரி. அதைப் பூட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கவும் முடியாது, பிழை என்று பிடித்துவிடுவார்கள். திரும்பி வந்து சைக்கிளைத் தாங்கியில் வைத்த பிறகுதான் கொளுக்கியைக் கழற்றலாம்.

சொக்ஸை விட்டுவிடு. உன் தூரத்துக்கு அது தேவையே இல்லை. சப்பாத்துக்குள் கொஞ்சம் பவுடர், குதிக்காலும் விரலும் உரசுகிற இடத்தில் கொஞ்சம் வஸ்லின் போதும். ஓட்டச் சப்பாத்தின் கயிற்றைக் கழற்றிவிட்டு இலாஸ்டிக் போடு. அதற்கென்று செய்தது கடையில் இருக்கிறது. நான் டவுனில் தையல்காரரிடம் பாவாடைக்குப் போடும் இலாஸ்டிக்கை இரண்டு முழம் வாங்கினேன். ஒரு வருசம் தாங்கிவிட்டது. குனிந்து முடிச்சுப் போடும் வேலையே இல்லை.

இனி நீ கேட்ட பெரிய விசயத்துக்கு வருகிறேன். சப்பாத்தை முன்கூட்டியே பெடலில் மாட்டி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பாய்ந்து ஏறுவது. பார்க்க அழகுதான். இரண்டு பெடலும் தரைக்கு மட்டமாக நிற்கும்படி வைத்து, சப்பாத்தின் குதிப்பக்க வளையத்தில் மெல்லிய றப்பர் பேண்ட் ஒன்றைக் கோத்து, பின்னால் இருக்கிற சப்பாத்தைப் பின்சில்லின் அச்சிலும் முன்னால் இருப்பதைச் சட்டத்திலும் கொளுவிவிடுவார்கள். தள்ளிக்கொண்டு ஓடும்போது சப்பாத்து தரையில் இடிபடாது. ஏறி மிதித்ததும் றப்பர் தானாக அறுந்துவிடும். முதலில் சப்பாத்தின் மேலேயே கால் வைத்து மிதித்து, வேகம் வந்த பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே நுழைப்பார்கள். ட்ரையத்லன் சப்பாத்துக்குப் பெரும்பாலும் வார் ஒன்றுதான், அது வெளிப்பக்கமாகத் திறக்கும். திறந்து கிடந்தாலும் செயினுக்குள் போய்ச் சிக்காது.

போன வருசம் நான் இதை ஒரு சின்னப் போட்டியில் செய்தேன். நீர்த்தேக்கத்துக் கரையில் நீச்சல், இதற்குப் பிறகுதான் சைக்கிளில் ஏறலாம் என்று போட்டிருக்கிற கோட்டைத் தாண்டினால் அடுத்த அடியே ஏற்றம். அதை நான் யோசிக்கவில்லை. கியரையும் பாரமாகவே விட்டு வைத்திருந்தேன். பாய்ந்து ஏறினேன், இரண்டு றப்பரும் பட்பட்டென்று அறுந்தது, ஒரு சுற்று மிதித்தேன், சைக்கிள் நின்றுவிட்டது. வலது கால் வழுக்க, சப்பாத்து குப்புறத் திரும்பி ரோட்டில் தேய்ந்தது. மற்றக் காலைத் தரையில் ஊன்றினால் அங்கே கிரவல். பெடல் சுழன்று வந்து கணுக்காலுக்கு மேலே ஒரு வெட்டு, தழும்பு இன்னும் இருக்கிறது. நான் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, கென்வஸ் சப்பாத்தும் பழைய சைக்கிளுமாக ஒரு பையன் எழும்பி நின்று மிதித்துக்கொண்டு, "சேர், தள்ளிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். என் வகுப்பில் படித்தவன் மச்சான்.

அதனால் போட்டிக்கு முதல் நாள், ஏறுகிற கோட்டுக்கு அப்பால் முதல் 50 மீற்றரை நடந்து பார். சப்பாத்தை எங்கே மாட்டுவது என்று அந்த ரோட்டுதான் சொல்லும். உன் கொழும்புக் கடற்கரை ரோடு தட்டை, அங்கே பெடலில் மாட்டு, இலேசான கியரில் விட்டு வை. எங்கள் பக்கத்து ஏற்றத்தில் தாங்கிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு ஓடுவதுதான் புத்தி. ஆனால் ஈரப் புல்லில் ரோட்டுச் சைக்கிள் சப்பாத்தின் கிளீட், அதாவது அடியில் இருந்து பெடலில் பூட்டுகிற கட்டை, வழுக்கும், சேறு அடைத்தால் பெடலில் பூட்டவும் செய்யாது. அதனால் நான் இப்போது மலைச் சைக்கிள் சப்பாத்துக்கு மாறிவிட்டேன். கிளீட் அடிக்குள் புதைந்திருக்கிறது, நடக்கலாம், ஓடலாம். பாரம் கூடத்தான், இருக்கட்டும்.

கோட்டுக்கு முன்னால் மட்டும் ஏறிவிடாதே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் ஜொனதன் பிரவுன்லீக்கே அந்தப் பிழைக்கு 15 செக்கன் தண்டனை. நின்று கழித்துவிட்டு ஓடி வெண்கலம் எடுத்தார், தங்கம் அவருடைய அண்ணனுக்கு. ஒன்றிரண்டு செக்கன் என்ன பெரிது என்று எழுதியிருந்தாய் இல்லையா? அதே லண்டனில் பெண்கள் போட்டியில் நிக்கோலா ஸ்பிரிக், லிசா நோர்டேன் இரண்டு பேருக்கும் 1 மணி 59 நிமிசம் 48 செக்கன். முடிவுக் கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் ஸ்பிரிக்குக்குத் தங்கம் கொடுத்தார்கள். நாம் பதக்கத்துக்கு ஓடவில்லை, சரிதான். ஆனால் அந்தப் பையனைப் பிடிக்கவாவது வேண்டாமா?

இறங்குவதற்கும் அதே கணக்குத்தான். தட்டை ரோட்டில் இறங்குகிற கோட்டுக்கு இருநூறு மீற்றர் இருக்கும்போதே வாரை இளக்கி, காலை வெளியே எடுத்துச் சப்பாத்தின் மேல் வைத்து மிதித்து வா. வலது காலைப் பின்னால் தூக்கிப் போட்டு, கோட்டுக்கு முன்னால் குதித்து ஓடு. எங்கள் பக்கம் முடிவு பெரும்பாலும் இறக்கத்தில், அதுவும் வளைவில். மழையில் பிரேக்குக்கே இரண்டு கையும் போதாது. ஒரு கையால் வாரைத் தடவிக்கொண்டு வந்தால் நேரே தேயிலைக்குள்தான். நான் சப்பாத்தோடேயே இறங்கி ஓடுகிறேன்.

பயிற்சிக்கு இடம் தேடி அலைந்து, கடைசியில் நம் பழைய பெரட்டுக் களத்தில்தான் பாய்ந்து ஏறிப் பழகுகிறேன். அது ஒன்றுதான் இந்தத் தோட்டத்தில் தட்டையான இடம். பின்னேரம் பிள்ளைகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து, நான் விழும்போதெல்லாம் கை தட்டுகிறார்கள். முதலில் நாலு நிமிசம் எடுத்தவன் இப்போது ஒன்றரை நிமிசத்துக்கு வந்திருக்கிறேன். குறைந்ததில் ஒரு நிமிசம் கதை பேசாமல் விட்டதிலேயே கிடைத்தது.

நீ அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாய். வரும்போது மெல்லிய றப்பர் பேண்ட் ஒரு பக்கெட் வாங்கி வா. இங்கே கடையில் இருப்பதெல்லாம் பை கட்டுகிற தடித்த றப்பர், மிதித்தாலும் அறுவதில்லை. அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூசும் அந்தப் பச்சைத் தைலமும் வேண்டுமாம்.

உன்,
பழைய வாங்குப் பங்காளி