355 யாருடைய மதிப்பெண்? ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு எடுத்துவருகிறேன். சென்ற மாதம் எங்களைப் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் ஒரு பட்டியலைப் போட்டார்கள். உலக வங்கியின் மனித மூலதனக் குறியீடு, 2018. சிங்கப்பூர் 1, வியட்நாம் 48, இலங்கை 74, நேபாளம் 102, வங்கதேசம் 106, இந்தியா 115. பேசியவர் பட்டியலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "நேபாளத்துக்கும் கீழ இருக்கோம். மாசாமாசம் சம்பளம் வாங்குறோமே, உறுத்தலையா?" என்று கேட்டார். அறையில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அன்றைக்குப் பேசாமல் வந்ததுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 2018 அக்டோபரில் 157 நாடுகளுக்கான அந்தக் குறியீடு வெளிவந்தது. இந்தியாவுக்கு 0.44. அதாவது இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்போது, முழு ஆரோக்கியமும் முழுப் படிப்பும் கிடைத்திருந்தால் எவ்வளவு உழைக்க முடியுமோ அதில் 44 சதவீதம்தான் உழைக்க முடியும் என்று பொருள். வெளிவந்த உடனேயே நிதி அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. இந்தக் குறியீட்டைப் பொருட்படுத்தப் போவதில்லை என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கற்றல் மதிப்பெண் பழையது, இரண்டே மாநிலங்களிலிருந்து எடுத்தது என்பது.

அது நியாயமான காரணம். இந்தியாவுக்குப் போட்ட கற்றல் மதிப்பெண் 355. தமிழ்நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் 15 வயதுப் பிள்ளைகள் எழுதிய பிசா என்ற சர்வதேசத் தேர்வின் வழியாக வந்தது அது. பெயரில் 2009 என்று இருந்தாலும் இங்கே தேர்வு நடந்தது 2010இல். முடிவு வந்தபோது தேர்வெழுதிய மொத்தம் 74 நாடுகள், பகுதிகளில் இந்த இரண்டு மாநிலங்களும் கிர்கிஸ்தானும்தான் கடைசியில் இருந்தன. தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணக்கில் 351, அறிவியலில் 348.

அந்த 355ஐ வைத்து உலக வங்கி போட்ட கணக்கை நான் கரும்பலகையிலேயே போட்டுப் பார்த்தேன். இந்தியக் குழந்தை 18 வயதுக்குள் பள்ளியில் இருப்பது சராசரியாக 10.2 வருடம். அதை 355ஆல் பெருக்கி, சிறந்த கற்றலுக்கான 625ஆல் வகுத்தால் 5.8 வருகிறது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது பத்து வருடம், படித்ததாகக் கணக்கில் ஏறியது ஆறு வருடம்கூட இல்லை. ஆனால் அதே குறியீட்டில் குழந்தைகளின் உயரக் கணக்கு மட்டும் இந்தியா முழுவதற்குமானது. 2015-16இல் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 38.4 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரண்டு மாநிலப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் நாடு முழுவதன் உயரத்தையும் சேர்த்துத் தைத்த ஒரு குழந்தை அது. அப்படி ஒரு குழந்தை எந்த ஊரிலும் இல்லை.

சரி, மதிப்பெண் ஏன் பழையதாகவே இருந்தது? நாம் மறுபடி தேர்வுக்கு உட்காரவில்லை, அதனால்தான். கேள்விகள் நம் சமூகச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி விலகினோம். 2012, 2015, 2018 மூன்று சுற்றிலும் இந்தியா இல்லை. அடுத்த சுற்றுக்கு 2019இல் கையெழுத்துப் போட்டோம். அதுவும் கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் சண்டிகருக்கும் மட்டும்தான். கொரோனாவால் அது 2022க்குத் தள்ளிப்போனது. அந்த 2022 முடிவுகளிலும் இந்தியா இல்லை. பழைய மதிப்பெண் என்று குறை சொல்வதும் நாம்தான், புது மதிப்பெண் வரவிடாமல் பார்த்துக்கொண்டதும் நாம்தான். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

உலக வங்கிக் குறியீட்டின் 2020 பதிப்பில் நம் கற்றல் மதிப்பெண் 399 ஆனது, மொத்தக் குறியீடு 0.49 ஆனது. ஆனால் இடம் 116. பட்டியலில் நாடுகள் 174 ஆகிவிட்டதால் எண் கூடியும் இடம் இறங்கியது. இதைத்தான் அந்தப் பயிற்சியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். இடத்தைப் பார்த்து எங்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் மதிப்பெண்ணில் அர்த்தம் இருக்கிறது, அது உண்மையாக அளந்ததாக இருந்தால். 2018க்கும் 2020க்கும் நடுவில் நாம் எந்தச் சர்வதேசத் தேர்விலும் உட்காரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் பிள்ளைகளை அளக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அளந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் என்று சொல்ல என் வகுப்பறையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் பலகையில் ஒரு பேருந்து அட்டவணை எழுதினேன். காலை 6.40க்குக் கிளம்பும் பேருந்து 9.05க்குப் போய்ச் சேர்கிறது, எவ்வளவு நேரப் பயணம்? பாதிக்கு மேல் பிள்ளைகள் "2 மணி 65 நிமிடம்" என்று எழுதியிருந்தார்கள். கழித்தல் தெரிந்த பிள்ளைகள்தான். கடன் வாங்கி, அழகாக அடிக்கோடு போட்டுக் கழித்திருந்தார்கள். முதல் வரிசையில் இருப்பவள் இருபடிச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அவளுடைய நோட்டிலும் 65தான். "65 நிமிஷம்னா எவ்வளவும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு மணி அஞ்சு நிமிஷம் சார்" என்றாள். "அப்ப மூணு மணி அஞ்சு நிமிஷமா?" என்று தானே கேட்டாள். அதுவும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. 6.40க்கு அப்புறம் ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி என்று விரல் விட்டு எண்ணி, ரொம்ப நேரம் கழித்து 2 மணி 25 நிமிடம் என்று வந்து நின்றாள்.

அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவா? இல்லை. அப்படி ஒரு கேள்வியை நாங்கள் அவளிடம் கேட்டதே இல்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மெல்லக் கற்போருக்குத் தேர்ச்சிக்கு மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியல், மற்றவர்களுக்குப் பாடத்தின் பின்னால் இருக்கும் புக் பேக் கணக்கு, வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். 2025இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். எனக்கு அதில் பெருமைதான். எத்தனையோ வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டிய பிள்ளை அதில் இருக்கிறது. ஆனால் அந்த 93.80, பேருந்து அட்டவணையைப் படிக்க வருமா என்று சொல்வதில்லை. பிசா மாதிரித் தேர்வு கேட்பது அதைத்தான். அதனால்தான் அது எங்களுக்கு வலிக்கிறது, அதனால்தான் வேண்டும் என்கிறேன்.

வியட்நாம் 2012இல் முதல் தடவையாக உட்கார்ந்தது. அறிவியலில் 528 வாங்கியது. பள்ளிக்கு வராத 15 வயதுப் பிள்ளைகள் பலர் அந்தக் கணக்கில் சேரவில்லை என்ற விமர்சனம் உண்டு, அது சரியானதும்கூட. ஆனால் அந்த விமர்சனத்தைச் செய்யக்கூட ஒரு தேர்வு நடந்திருக்க வேண்டும் அல்லவா?

நம்மிடம் பள்ளிப் பிள்ளைகளின் கற்றலை அளக்க ஒன்றிய அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வு இருக்கிறது. 2017, 2021இல் நடந்தது, 2024இல் பராக் என்ற பெயரில் நடந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆய்வும் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பினர் 2018இல் 50.3 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 42.8 என்று அதுதான் சொன்னது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு எங்களை நேபாளத்தோடும் வியட்நாமோடும் ஒப்பிட முடியாது. ஒப்பிட்டுத்தான் ஆவேன் என்று திரையில் பட்டியல் போடுகிறவர்கள், ஒப்பிடக்கூடிய தேர்வை நடத்திவிட்டுப் போடட்டும்.

எண்களைப் பார்க்கப் பயப்படுவது கல்வியோடு நிற்கவில்லை. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை எடுத்துவிட்டு, தரம் சரியில்லை என்று வெளியிடாமலே வைத்தார்கள். 2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது. எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்றே 2011 கணக்கை வைத்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம். என் பள்ளியில் ஒரு மாணவரின் வருகை பதிவாகாவிட்டால் காலை பத்தரைக்குள் போன் வந்துவிடும். மேலே போகப் போக அந்த அவசரம் எங்கே போய்விடுகிறது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த சுற்றில் இந்தியா உட்கார வேண்டும். தேர்ந்தெடுத்த சில பள்ளிகளை மட்டும் உட்காரவைத்தால் போதாது. எல்லா மாநில அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மாதிரியில் வரவேண்டும். அவரவர் தாய்மொழியில் வேண்டும், அந்த மொழியில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் கேள்வியின் மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முடிவு எவ்வளவு மோசமாக வந்தாலும் மாநில வாரியாக வெளியிட வேண்டும். அதை வைத்து எந்த ஆசிரியருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த சுற்றுக்கும் நாங்கள் மினிமம் மெட்டீரியல்தான் தயாரிப்போம்.

2010இல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு மாணவி உள்ளூரிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கள் பள்ளி அந்தத் தேர்வுக்குத் தேர்வாகவில்லை, ஆனால் அந்த 355 அவள் வயதுப் பிள்ளைகளுடையது. அவளுடைய மகள் இப்போது என்னிடம் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். அம்மாவின் வயதுக்காரர்கள் வாங்கிய மதிப்பெண்ணைத் திரையில் காட்டித்தான் மகளின் வாத்தியாரைக் கேள்வி கேட்கிறார்கள்.

2029இல் அடுத்த சுற்று வருகிறது. அப்போது இந்தப் பிள்ளைக்கு 15 வயது இருக்கும். அவள் வகுப்பும் அந்தத் தேர்வை எழுத வழிசெய்யுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர்