மணல் லொறி ஏற்றுமுன் ஆற்று மணல் குழியின் வெட்டுமுகத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்க் கடலில் எரிவாயு தேடுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1970களில் பேசாலையில் தோண்டிய கிணறுகள் கைகொடுக்காததையும், 2011இல் கெயர்ன் நிறுவனம் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டதையும் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் கடலுக்கடியில் எரிவாயு ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாகச் சொன்ன இடத்தை மட்டும் திருத்த வேண்டும். எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்பவர்கள். நிலத்துக்குள்ளும் எண்ணெய் அப்படித்தான் நிரம்பிக் கிடக்கும் என்று ஏற்கெனவே நினைத்திருக்கிறார்கள். பத்திரிகையும் அதையே சொன்னால் எப்படி?

நான் ஓமானில் ஓர் எண்ணெய் வயலின் கோர் கூடத்தில் பல வருடம் வேலை செய்தவன். கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் பாறைக்குத்தான் கோர் என்று பெயர். அதை நீளவாக்கில் வாளால் பிளந்து, கழுவி, தட்டுகளில் வரிசையாக அடுக்குவது எங்கள் வேலை. காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டதும் வரிகள் எழும்பி வரும். அடியில் பரும்படி மணல், அதற்குள் கரையிலிருந்து பிய்ந்து விழுந்த களித் துண்டுகள். அதற்கு மேலே சாய்வான வரிகள். போகப் போக மணல் நைசாகி, உச்சியில் செங்களி, அந்தக் களிக்குள் செடி வேர் இறங்கிய தடம். இதைப் பார்த்ததுமே புவிச்சரிதவியலாளர்கள் "ஆறு" என்பார்கள். அங்கே கரீஃப் என்று அழைக்கப்படும் பாறைப் படைகளில் இப்படி நிறைய உண்டு. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஆறுகள் கொண்டுவந்த மணல் அது. எண்ணெய் இருப்பது அந்த மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில். ஒரு துளி தண்ணீரை விட்டுப் பார்ப்போம். மணற்பகுதி உடனே குடித்துவிடும், களிப்பகுதியில் துளி அப்படியே நிற்கும். இரண்டு விரல் தடிப்புள்ள களிப் படை ஒன்று குறுக்கே பரவிக் கிடந்தாலே போதும், எண்ணெய் அதைத் தாண்டி ஏறாது.

இங்கேதான் பணமும் போகிறது, மூளையும் தேவைப்படுகிறது. ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறு தோண்டுகிறார்கள், இரண்டிலும் மணல் வருகிறது. அது ஒரே ஆற்றின் மணலா, அல்லது வேறு வேறு காலத்தில் ஓடிய இரண்டு ஆறுகளுடையதா? ஒன்றென்றால் ஒரு கிணற்றாலேயே நிறைய எடுக்கலாம். வேறென்றால் நடுவில் எண்ணெய் சிறைப்பட்டுக் கிடக்கும். கப்பலிலிருந்து ஒலி அலை அனுப்பி எடுக்கும் படத்தில், மூன்று கிலோமீட்டர் ஆழத்திலுள்ள மெல்லிய படைகள் தெரியாது. உலகில் ஓர் எண்ணெய் வயலிலிருந்து சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் எண்ணெய் நிறுவனங்கள், இப்படிப்பட்ட படைகளை வெளியே நின்று கண்ணால் பார்க்கத் தங்கள் ஆட்களை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள புக் கிளிஃப்ஸ் மலைமுகங்களுக்கும் இங்கிலாந்தின் யோர்க்சயர் கடற்கரைப் பாறைகளுக்கும் கூட்டிப் போகின்றன. தினமும் செய்தியில் வரும் பிரெண்ட் எண்ணெய் விலைக்குப் பெயர் தந்த வடகடல் வயலின் மணலும் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கழிமுகத்தில் படிந்ததுதான். அதே காலத்துப் பாறையை யோர்க்சயரில் கரையில் நின்றே தொட்டுப் பார்க்கலாம். இன்று ஓடுகிற ஆறுகளைப் படிப்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஹரோல்ட் ஃபிஸ்க் என்ற அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் மிசிசிப்பி ஆறு காலந்தோறும் மாறி ஓடிய தடங்களை 1944இல் வரைபடமாக வெளியிட்டார். சில வருடங்களில் ஹம்பிள் எண்ணெய் நிறுவனம் அவரைத் தன் ஆராய்ச்சிக்குத் தலைவராக எடுத்துக்கொண்டது.

சரி, எங்களிடம் என்ன இருக்கிறது? மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு பஸ்ஸில் வருகிறவர் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்குப் பின் பாலமாகத் தாண்டுகிறாரே, அந்த வழி முழுக்கக் கழிமுகம்தான். மாரி வெள்ளம் வடிந்த பிறகு வளைவின் உட்கரையில் புது மணல் மேடு, வெளிக்கரை அரிந்து செங்குத்தாக நிற்கும். மணல் அள்ளுகிற இடங்களில் இன்னும் தெளிவு. போன வருடம் மூதூர்ப் பக்கம் ஒரு குழியின் ஓரத்தில் நின்று பார்த்தேன். அடியில் சிறுகல்லோடு பரும்படி மணல், மேலே சாய்வு வரிகள், எல்லாம் ஆறு ஓடும் பக்கத்துக்கே இறங்குகின்றன, உச்சியில் வேரோடிய களி. ஓமானில் தட்டில் அடுக்கிய அதே ஒழுங்கு. சில நாள் கழித்துப் போனபோது அந்த வெட்டுமுகமே இல்லை, லொறிகள் கொண்டுபோய்விட்டன. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கொட்டியாரத்துக்குக் கீழே எண்ணெய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிக் கதை கட்ட வேண்டாம். இது நேற்றைய மணல். எண்ணெய் உண்டாவதற்கு உயிர்ச்சத்து மிக்க களி கிலோமீட்டர் கணக்கில் புதைந்து வேக வேண்டும். அது ஏறிவந்து தங்க மணல் வேண்டும், மேலே மூடி நிற்க இறுக்கமான பாறையும் வேண்டும். இங்கே இருப்பது பாடம். குடாவிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் பெரும் பள்ளத்தாக்கும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். ஆற்று மணல் அப்படிப்பட்ட பள்ளத்தாக்குகள் வழியே ஆழத்துக்குப் போய்ப் படிந்த இடங்களிலும் உலகில் எண்ணெய் எடுக்கிறார்கள்.

பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியும்? வளைகுடாவுக்குப் போகிற இளைஞர்கள் நான் தூக்கிய அதே கோர்ப் பெட்டிகளைத் தூக்குகிறார்கள். பெட்டிக்குள் இருப்பதை வாசிக்கிறவர்களாக அவர்கள் போக வேண்டும் என்பது என் ஆசை. நாளை மன்னார் அறிக்கைகள் வெளிவந்தால் அவற்றைப் புரிந்து கேள்வி கேட்க எங்கள் மொழியிலும் ஆள் வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவல்ல. மணல் அள்ள அனுமதி தரும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், தாழ்வான வெட்டுமுகம் ஒன்றை வருடத்தில் ஒரு நாளாவது மாணவர்களுக்காக விட்டுவைக்கும்படி அனுமதிப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் உயர்தரப் புவியியல் ஆசிரியர்களும் சேர்ந்து பிள்ளைகளைக் கூட்டி வரலாம். ஜூன், ஜூலை நல்லது, தண்ணீர் இறங்கியிருக்கும். கரை இடியும், முதலையும் உண்டு, ஆகவே ஊர் ஆள் ஒருவரோடுதான் இறங்க வேண்டும். அந்த ஆளாக வர நான் தயார்.

இப்படிக்கு,
முன்னாள் கோர் கூடப் பணியாளர் ஒருவர்,
மூதூர்.