நர்சிங் படிக்கும் பாப்பாவுக்கு அத்தை எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் வார்டுப் பாட்டி கஞ்சி டம்ளரைத் தட்டிவிட்டது, நீ சார்ட்டில் 'ரெஃப்யூஸ்டு ஃபீட்ஸ்' (சாப்பிட மறுத்தார்) என்று எழுதியது, அப்புறம் பெட்ஷீட்டெல்லாம் வைக்கிற லினன் ரூமில் நின்று அழுதது, டியூட்டர் மேடம் பார்த்துவிட்டு "ப்ரொஃபஷனலா இரு, பேஷன்ட்கிட்ட ரொம்ப ஒட்டாதே" என்று சொன்னது, எல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. "நல்ல நர்ஸ்னா மனசைக் கழட்டி வெச்சிட்டுத்தான் வார்டுக்குப் போகணுமா அத்தை?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும் என்று நீயே சொன்னதால் பொதுவிலும் போடுகிறேன்.

உன் வயதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோவில் இரண்டாம் வருஷம். ஸ்ட்ரோக் வந்த ஒரு அம்மா என் கேஸ். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அவருக்கு ஸ்பாஞ்ச் கொடுத்து, அதாவது படுக்கையிலேயே உடம்பைத் துடைத்துவிட்டு, காட்டி டியூட்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெந்நீர் பதமாக இருந்தது. கண்ணின் உள் ஓரத்திலிருந்து வெளியே துடைத்தேன், துணியை மாற்றி மாற்றி மடித்தேன், ஒரு ஸ்டெப்கூட விடவில்லை. பெட்டை மறைக்கிற சக்கரம் வைத்த ஸ்கிரீனை மட்டும் இழுக்கவில்லை. அது வார்டின் அந்தக் கோடியில் நின்றது, எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எதிர் பெட்டைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா இடது கையால் பெட்ஷீட்டைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். நான் கையை எடுத்து ஓரமாக வைத்தேன். திரும்பவும் இழுத்தார். மூன்று தடவை வைத்தேன். அப்புறம் நோட்ஸில் அழகான கையெழுத்தில் 'ரெஸ்ட்லெஸ்', நிலைகொள்ளாமல் இருக்கிறார் என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஒரு சீனியர் சிஸ்டர் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை திரும்பவும் ஷீட்டைத் தேடியது. சிஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய், சக்கரம் கிறீச்சிட ஸ்கிரீனைத் தள்ளிக்கொண்டு வந்து மறைத்தார். அவ்வளவுதான். கை ஷீட்டை விட்டுவிட்டது. தளர்ந்து வயிற்றின் மேல் கிடந்தது. "அந்தம்மா நேத்துப் பூராவும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. உனக்குத்தான் கேக்கல" என்றார் சிஸ்டர். இடது பக்க மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டால் பேச்சு போகலாம், ஆனால் பலருக்கு நாம் சொல்வது புரியும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன் பாப்பா. படித்தது கைக்கு வரவில்லை.

உன் மேடம் சொன்னதில் பாதி சரி. பேஷன்ட் முன்னால் நாம் உடைந்து அழுதால், நம்மைத் தேற்றுகிற வேலையும் அவர்கள் தலையில் விழும். லினன் ரூமுக்குப் போனாய் பார், அது சரியான இடம். நானும் அங்கேதான் அழுவேன். ஆனால் 'ஒட்டாதே' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்கிரீனை இழுப்பது ப்ரொசீஜரா, பாசமா? இரண்டாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை என்று படித்திருப்பாய். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்காது, அதுதான் ஆரம்பம் என்றும் படித்திருப்பாய். புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம்மூர்க் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, சில்லென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் முக்கியம். வலிக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். "பாட்டி, பாட்டி" என்று கன்னத்தைத் தடவிவிட்டு இதைப் பார்க்காமல் போகிற அன்பு எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, பெயர். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார். முதியோர் மருத்துவம். அவருக்கே கேன்சர் வந்து, 2013-இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தார். அவரைப் பார்க்க வந்தவர்களில் பலர் தாங்கள் யார் என்றே சொல்லவில்லை. 'வணக்கம், என் பெயர் இது' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார். அங்கே ஏராளமான ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றுக்கொண்டன. 2016-இல் இறந்தபோது அவருக்கு 34 வயது. நம் வார்டுகளில் நாம் எல்லோரும் 'சிஸ்டர்', அவர்கள் எல்லோரும் 'பதினாலாம் பெட்'. நீ பெயரைச் சொல், அவர் பெயரைக் கேள். அம்மா என்று கூப்பிடட்டுமா, பாட்டி என்று கூப்பிடட்டுமா என்றும் கேள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை 'பாட்டி' என்று கூப்பிட்டு அவர் முகம் வாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பாய். நியாயம்தான். நைட் ட்யூட்டியில் நாற்பது பேருக்கு நான் ஒருத்தியாக ஓடியிருக்கிறேன். ஆள் பற்றாக்குறைக்கு உன் மனசு பதில் சொல்ல முடியாது, அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. ஆனால் ட்ரிப்ஸ் மாற்றும்போது முகத்தைப் பார்ப்பதற்கும், போகும்போது தண்ணீர் சொம்பைக் கை எட்டும் பக்கம் நகர்த்துவதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரோக் பேஷன்ட் என்றால் விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகு, எது நல்ல கை என்று பார்த்து அந்தப் பக்கம் வை. அதுவரை வாயில் எதுவும் கொடுக்காதே.

சரி, உன் பாட்டிக்கு வருவோம். சாப்பிட மறுத்தார் என்று மட்டும் சார்ட்டில் எழுதியிருக்கிறாய், ஏன் என்று எழுதவில்லை. நாளைக்குப் போனதும் முதலில் பல் செட் இருக்கிறதா என்று பார். தலையணைக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார்கள், இல்லை, மகள் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பாள். கேட்டுவிட்டு வாய்க்குள் டார்ச் அடித்துப் பார். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, புண் இருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் அன்றைக்குக் கிருத்திகையா, சஷ்டியா என்று விசாரி. விரதமாக இருந்திருக்கலாம். என்ன என்று தெரிந்ததும் ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுச் சார்ட்டில் அதையும் சேர்த்து எழுது.

ராத்திரி எனக்குப் போன் பண்ணு. எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அத்தை