அந்த 5 சதவீதத்தைப் போட்டவர்களுக்கு

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, பெரியவர்களே, பிள்ளைகளே,

ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதம் போன வாரமே எங்கள் தன்னார்வத் தீயணைப்பு ஸ்டேஷன் வாசலில் ஒட்டியாயிற்று. எங்கள் சீஃப் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உதவிய எல்லாரையும் அதில் குறிப்பிட்டிருக்கிறோம். ஆனாலும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தமிழில் ஒன்று எழுதாமல் எனக்கு மனம் ஆறவில்லை.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்காகப் போட வேண்டிய 5 சதவீதத்தை நீங்கள் திரட்டித் தந்தீர்கள், மத்திய அரசிடம் நாம் கேட்ட உதவித்தொகை கிடைத்துவிட்டது. புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் 15 புதிய சுவாசக் கருவிகளும் அவற்றுக்கான சிலிண்டர்களும் வந்து இறங்கிவிட்டன. பயிற்சிக்கான பணமும் வந்துவிட்டது. நேற்று இரவு ஒவ்வொருவருக்கும் முகமூடி பொருந்துகிறதா என்று சோதித்து முடித்தோம்.

இங்கே புதிதாகக் குடிவந்த சிலர், இதற்கெல்லாம் ஏன் ஊர்க்காரர்கள் பணம் திரட்ட வேண்டும், அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று என்னிடம் கேட்டார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். தமிழ்நாட்டில் 101-ஐ அழைத்தால் அரசுத் துறையின் வண்டி வரும், சம்பளம் வாங்கும் வீரர்கள் இறங்குவார்கள். அமெரிக்காவிலோ தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தன்னார்வலர்கள். பென்சில்வேனியாவில் பெரும்பாலான தீயணைப்புக் குழுக்கள் எங்களைப் போன்றவைதான். 1736-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் அண்டை வீட்டாரைச் சேர்த்து ஒரு தீயணைப்புக் குழு தொடங்கியதில் வேர்விட்ட வழக்கம் இது. 1970-களில் இந்த மாநிலத்தில் சுமார் 3 லட்சம் தன்னார்வ வீரர்கள் இருந்தார்கள். 2018-இல் மாநிலச் சட்டமன்றம் அமைத்த குழு கணக்குப் பார்த்தபோது அது 38,000 அளவுக்குக் குறைந்திருந்தது. நீங்கள் 911-ஐ அழைக்கும்போது பேஜர் அலறி எழுந்து ஓடிவருகிறவர் பகலில் ஒரு மெக்கானிக், ஒரு நர்ஸ், அல்லது என்னைப் போல் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்.

போன வருட ஜனவரித் தீயை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். ஊர் ஓரத்தில் இருந்த பண்ணை வீடு. நான் பம்ப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே இருவர் போனால், வெளியே இருவர் முழுக் கவசத்தோடு தயாராக நிற்க வேண்டும். அப்படியானால் குறைந்தது நான்கு நல்ல கருவிகள் வேண்டும். எங்களிடம் அன்று சரியாக நான்குதான் இருந்தன. மற்றவை வேறொருவர் பயன்படுத்திய பிறகு பழையதாக வாங்கியவை. கார்பன் ஃபைபர் சிலிண்டருக்கு ஆயுள் 15 வருடம். அதைத் தாண்டியதால் அவற்றை ஓரங்கட்டி வைத்திருந்தோம். உள்ளே போன ஒருவரின் கருவியில் காற்று கசிந்து, படியேறி முடிப்பதற்குள்ளேயே எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. இருவரும் வெளியே வந்தார்கள். அப்புறம் பக்கத்து ஊர் வண்டி வரும்வரை வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டிலிருந்த வயதான தம்பதி முன்பே வெளியேறிவிட்டார்கள், அதுவே பெரிய ஆறுதல். ஆனால் மாடி முழுவதும் போய்விட்டது. வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

சோபா, மெத்தை, திரைச்சீலை எல்லாமே இன்று செயற்கைப் பொருள். அப்படிப்பட்ட ஓர் அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகையில் சுவாசக் கருவி இல்லாமல் ஒருவரை உள்ளே அனுப்ப முடியாது. ஒரு முழு செட்டின் விலை 8,000 டாலருக்குக் குறையாது. கோழி பார்பிக்யூ விற்று அதைச் சேர்த்தால் எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் (FEMA) தீயணைப்பு வீரர் உதவி கிராண்டுக்கு விண்ணப்பித்தோம். 2001 முதல் கொடுத்து வருகிறார்கள். முதல் முறை எங்களுக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிறவர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்குக் கருவியின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை, நம் ஊர்தான் தெரியாது. எத்தனை சதுர மைல், எத்தனை அழைப்பு, எத்தனை வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் எடுக்கும் தெருக் குழாய் (ஹைட்ரண்ட்) கிடையாது, எத்தனை பேரிடம் எத்தனை சிலிண்டர் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். முதல் முறை நாங்கள் அதைச் செய்யவில்லை.

இரண்டாம் முறை அது நடந்தது உங்களால். ஐந்து வருட அழைப்புப் பதிவுகள் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிக் கிடந்தன. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பெண், மூன்று வாரம் ஸ்டேஷன் மேசையில் உட்கார்ந்து அத்தனையையும் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். தங்கமே, உன் அட்டவணை இல்லாவிட்டால் விண்ணப்பத்தில் பாதி வெறும் பேச்சாகத்தான் இருந்திருக்கும். கணக்கராக வேலை பார்க்கும் அக்கா எங்கள் வரவு செலவை முழுவதும் ஒழுங்குபடுத்தினார். பழைய காகிதங்களில் எங்கள் குழுவின் பெயர் இரண்டு விதமாக இருந்ததால் மத்திய அரசுப் பதிவு பல வாரம் இழுத்தது. அதையும் அவர்தான் விடாமல் தொடர்ந்து முடித்துக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் (இவர் தமிழர் அல்ல, ஆனால் நம் வீட்டு ரசத்துக்கு ரசிகர்) மூன்று சனிக்கிழமை எங்களோடு உட்கார்ந்து வாசகத்தைத் திருத்தினார். ஜனவரித் தீயைப் பற்றிய பத்தியை இன்னும் வெளிப்படையாக எழுதச் சொன்னதும் அவர்தான்.

இனி அந்த 5 சதவீதம். 20,000 பேர் அல்லது அதற்கும் குறைவான மக்களுக்குச் சேவை செய்யும் குழுவாக இருந்தால், மத்திய அரசு தரும் தொகையில் 5 சதவீதத்தைக் குழு தன் கையிலிருந்து போட வேண்டும். எங்கள் பங்கு 6,600 டாலர் சொச்சம். கேட்க அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் டீசலும் இன்ஷூரன்ஸும் கட்டி முடித்த எங்கள் வங்கிக் கணக்கில் அது இல்லை.

நம் குடும்பங்களிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஸ்டேஷனில் வழக்கமாக நடப்பது பேன்கேக் காலை உணவு. இட்லி, பொங்கல், வடை போட்டால் என்ன என்று கேட்டது யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அண்ணி. வெள்ளிக்கிழமை நான்கு வீட்டில் கிரைண்டர் ஓடியது. ஏப்ரல் குளிரில் மாவு பொங்குமா என்று பயந்து, ஓவனில் விளக்கைப் போட்டுவிட்டு மாவை உள்ளே வைத்தீர்கள். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நான் கதவைத் திறந்தபோது, ஏற்கெனவே மூன்று கார்கள் வாசலில் நின்றன. தட்டுக்கு 10 டாலர் என்று 400 தட்டுக்கு மேல் போயிற்று. வடைக்கு நின்ற வரிசை ஏணி வண்டியைச் சுற்றிக்கொண்டு தெரு வரைக்கும் நீண்டது. ஃபில்டர் காபி மட்டும் ஒன்பதரை மணிக்கே தீர்ந்துவிட்டது. மீதிக்குக் கோழி பார்பிக்யூவும் பரிசுக் குலுக்கல் (ரேஃபிள்) சீட்டும் கைகொடுத்தன.

அன்று அந்தப் பண்ணை வீட்டுத் தம்பதியும் வந்திருந்தார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது ஓர் உறையை உண்டியலில் போட்டார் அந்த அம்மா.

புதிய கருவியில் என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். பழையதில் காற்று கால் பங்கு ஆனபோதுதான் மணி அடிக்கும். புதியதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே அடிக்கிறது. புகையில் வழி தடவித் தேடுகிறவருக்கு அந்தக் கூடுதல் மூச்சு எவ்வளவு பெரிது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சிப் பணத்தில் நான்கு பேர் அடிப்படை வகுப்பை முடிக்கிறார்கள். 150 மணி நேரத்துக்கு மேல், எல்லாம் மாலையிலும் வார இறுதியிலும். அந்த நால்வரின் வீட்டாருக்கும் இந்த நன்றி போய்ச் சேர வேண்டும். பேஜர் அடித்தால் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து போக விடும் என் மேலாளருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம், கைமாறாக நான் உங்களிடம் கேட்பது. காலை உணவு அன்று பேசிக்கொண்டிருந்தபோது, தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பதாக மூன்று வீட்டார் சொன்னீர்கள். தயவுசெய்து இன்றே திரும்ப மாட்டிவிடுங்கள். அலாரத்தை அடுப்பிலிருந்து பத்து அடிக்கு மேல் தள்ளி, ஒளியை வைத்துப் புகையை உணரும் ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையாகப் போட்டால் கடுகு வெடிக்கிற புகைக்கு அவ்வளவாக அடிக்காது. எங்கே மாட்டுவது என்று சந்தேகமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், ஏணியோடு நானே வருகிறேன். செவ்வாய் இரவு பயிற்சி நாள், அன்று மட்டும் வேண்டாம். மற்ற எந்த நாளும் சரி.