ஈரக் குப்பைக்கு ஒரு வழி, சருகுக்கு ஒரு வழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மட்கும் குப்பையை உரமாக்குவதா, எரிவாயுவாக்குவதா என்ற விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வீட்டில் இரண்டையுமே செய்து பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்: எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன குப்பை என்று பாருங்கள்.

மீந்த சாப்பாடு, காய்கறிக் கழிவு என்று சொதசொதவென்று இருப்பதெல்லாம் எரிவாயுக் கலனுக்குப் போகட்டும். காற்று புகாத கலனில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வெளிவிடும் வாயுவில் 50 முதல் 70 சதவீதம் வரை மீத்தேன்தான், அடுப்பு எரிக்கலாம். அதையே உரக்குவியலில் போட்டால் அந்த ஆற்றல் வெறும் சூடாகப் போய்விடும். காய்ந்த இலை, சுள்ளி கதை வேறு. அவற்றுக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளைக் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்களால் அரிக்க முடிவதில்லை, மேலே ஏடாக மிதந்து குழாயை அடைத்துக்கொள்ளும். உரக்குவியலுக்கோ சருகு இல்லாமல் ஆகாது; தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குக்குக் கரிமம் (கார்பன்) 25, 30 பங்கு இருந்தால்தான் நன்றாகச் சூடேறும். அப்படி அமைந்த குவியலுக்குள் கையை விட்டேன், ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் செத்துப்போகும்.

எரிவாயுவைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். கலனுக்கும் அளவாகத்தான் தீனி போட வேண்டும். ஒருமுறை நாலு நாள் மிச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினேன், உள்ளே அமிலம் ஏறிவிட்டது, நீலமாக நின்று எரிந்த சுடர் நடுங்கி அணைந்தது, தேறிவர மூன்று வாரம் ஆனது. அப்புறம் கசிவு: நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். (கிளறாமல் அழுகவிட்ட உரக்குவியலிலிருந்தும் மீத்தேன் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கலனிலிருந்து வெளியே வரும் கரைசலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குப்பையில் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன, அதைச் சாக்கடையில் விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சருகுக் குவியலில் ஊற்றினால் ஈரமும் தழைச்சத்தும் ஒருசேரக் கிடைத்து நல்ல உரமாகிவிடும். அதனால்தான் நான் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

குப்பைத் திட்டம் அறிவிக்கிறவர்களிடம் உங்கள் நிருபர்கள் தயவுசெய்து இரண்டே கேள்வி கேட்கட்டும்: எந்தக் குப்பை பிரித்து வரப்போகிறது, கரைசல் எங்கே போகப்போகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்